கறுப்புச் சதுரங்களுக்குக் கீழே

2020, ஜூன் 2, செவ்வாய்க்கிழமை. என் முறையீடு இதுதான்: முப்பத்தாறு ஆண்டுகள் ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்திய எனக்கு, அவ்வகுப்பின் மூன்றாம் வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, இன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு, யாருடையதென்று தெரியாத ஓர் எண்ணிலிருந்து, ஒரு வேலையை நிறுத்தும்படி உத்தரவிட்டாள்... உத்தரவு என்று சொல்லலாமா, தயவு என்ற சொல் அதில் இருந்ததே, இருந்தாலும் உத்தரவுதான், வணக்கம் இல்லை, நலமா என்ற விசாரிப்பு இல்லை, "விட்லோ சார், உங்க சர்ச் ஆளுங்க நம்ம டேக்ல கறுப்புக் கட்டமா போட்டுத் தள்றாங்க, தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க, ஜெரிகா", அவ்வளவே, என் எண்ணை எங்கள் ஆலயச் சபையின் அறிவிப்புத் தாளில் பார்த்திருப்பாள். ஜெரிகா பூலுக்கு இன்று முப்பத்துநான்கு வயது, எந்தப் பேருந்து எந்தத் தெருவில் திரும்பவேண்டுமென்று பணிமனையில் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்குச் சொல்லும் வேலை, கெட்டிக்காரி, அன்றும் கெட்டிக்காரிதான், ஆனால் ஆசிரியரிடம் பேசும் முறை என்று ஒன்று உண்டல்லவா? நான் பதினோரு வரியில் பதில் எழுதினேன், முன்னுரை, காரணம், முடிவுரை என்று பிரித்து, ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துத் திருத்தி, நான்கு இருபதுக்கு அனுப்பினேன். நான்கு நாற்பதுக்குப் பதில் வந்தது. அவள் எழுதவில்லை, அந்தக் கைபேசிக்குச் சொந்தக்காரர் எழுதியிருந்தார்: "அந்தப் பொண்ணு பாலத்துக்கிட்ட என் போனை ரெண்டு நிமிஷம் வாங்கிட்டுக் குடுத்திருச்சு, நான் வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க யாரு, எனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய லெட்டர்?"

இப்போது ஐந்து பத்து. ஃபுல்டன் தெருவில், மூடிக்கிடக்கும் டயர் கடைக்கு முன்னால், சபையின் பதினைந்து இருக்கை வேனில் தனியே உட்கார்ந்திருக்கிறேன், வலது முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, முகக்கவசத்தால் கண்ணாடியில் ஆவி படிகிறது. நான்கரைக்கு இங்கே ஊர்வலத்திலிருந்து ஏழு பேர் வந்து ஏறவேண்டும் என்பது ஏற்பாடு, அவர்களில் ஒருத்தி என் மனைவி எர்னஸ்டீன். ஒருவரும் வரவில்லை. தெருமுனையில் போலீஸார் தடுப்பு வைத்திருக்கிறார்கள், நான் வந்தபோது அது இல்லை, ஆக இந்த வழியாக யாரும் இனி வரமுடியாது, ஆக கூடுமிடத்தை வேறெங்கோ மாற்றியிருப்பார்கள்... எங்கே? ஏழு மணிக்கு ஊரடங்கு. ஏழுக்குமேல் தெருவில் நிற்பவர் யாராயினும் பிடிப்போம் என்று நகர மன்றம் காலையிலேயே அறிவித்துவிட்டது, அறுபத்தெட்டு வயது, மகப்பேறு வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், இந்த ஊரில் பாதிப்பேரை முதலில் கையில் ஏந்தியவள் என்றெல்லாம் அவர்கள் பார்ப்பார்களா? அவளிடம் கைபேசி இல்லை. ஊர்வலத்துக்குப் போகிறவர்கள் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும், பின்தொடர்வார்கள், பிடுங்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள், அவள் அப்படியே செய்தாள், அது சமையலறை மேடையில் கிடக்கிறது, பழக்கதோஷத்தால் இருமுறை அதை அழைத்தும் பார்த்துவிட்டேன். பிடிபட்டால் அழைக்க முன்கையில் வழக்கறிஞரின் எண்ணை மையால் எழுதிக்கொண்டாள், என் எண்ணையும் எழுது, மார்ச்சில் மாற்றினேனே, உனக்கு மனப்பாடம் ஆகவில்லையே என்றேன். "கையில இடமில்ல விட்லோ, நீ எங்க ஓடிடப்போற?" என்றாள். நாற்பத்தொரு ஆண்டு மணவாழ்க்கையில் அவள் என்னைக் குடும்பப்பெயர் சொல்லியே கூப்பிட்டு வருகிறாள், கோபம் வந்தால் மட்டும் லூசியஸ் என்பாள். இன்று காலை லூசியஸ் என்று சொல்லவில்லை. அதில் ஓர் ஆறுதல்.

எங்கே மாற்றினார்கள் என்பது இன்ஸ்டாகிராமில், ஜெரிகா டேக் என்று எழுதிய அந்தக் குறிச்சொல்லின் கீழே இருக்கும், வேறெங்கும் இராது. தென்கரை நடக்கிறது... அதுதான் சொல், ஆற்றுக்குத் தெற்கே வாழும் எங்களுடைய சொல், மினியாபொலிஸில் ஒரு கறுப்பரைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலிட்டுக் கொன்றதைப் படத்தில் கண்ட மறுநாள் ஜெரிகாதான் அதைத் தொடங்கினாள். படத்தோடும் வரியோடும் அந்தச் சொல்லைச் சேர்த்து யார் எழுதினாலும் எல்லாம் ஓரிடத்தில் வந்து வரிசையாக நிற்கும், எந்தத் தெருவில் தண்ணீர் கிடைக்கும், எங்கே கண்ணீர்ப்புகை, யாரைக் கொண்டுபோனார்கள், எந்த வேனில், எத்தனை மணிக்கு. ஜெரிகா தன் கணக்கிலிருந்து எழுதவேமாட்டாள், ஒரே இடத்திலிருந்து எழுதினால் முடக்கிவிடுவார்கள் என்று பக்கத்தில் நிற்பவர் யாருடைய கைபேசியையாவது வாங்கி எழுதுவாள், ஆகவே அந்தச் சொல் ஒன்றே எங்களைக் கட்டியிருக்கும் கயிறு. தொலைக்காட்சியில் ஐந்து நாளாக ஒரே கடையின் ஒரே கண்ணாடிதான் திரும்பத் திரும்ப உடைகிறது. இவர்களோ நேரம் போட்டு, தெரு போட்டு, தெருவின் எந்தப் பக்கம் என்றும் போட்டு, முதலில் ஒரு சொல் வைப்பார்கள், பார்த்தது, அல்லது கேட்டது. தானே கண்ணால் பார்த்தாலொழியப் பார்த்தது என்று எழுதக்கூடாது என்பது ஜெரிகாவின் சட்டம். அதில் நிறுத்தக்குறி இல்லை, பெரிய எழுத்து இல்லை, ஒருமை பன்மை கைகலப்பில் கிடக்கும், முதல் நாள் சிவப்புப் பேனாவைத் தேடினேன், மெய்யாகவே தேடினேன்... இரண்டாம் நாள் தேடவில்லை. முப்பத்தாறு ஆண்டில் நான் திருத்திய ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் எத்தனை பேர் தாம் பார்த்ததையும் கேட்டதையும் இப்படிப் பிரித்து எழுதினார்கள்? நான் அதை அவர்களிடம் கேட்டேனா? அந்தப் பென்சில் கடித்த குழந்தை இதை எங்கே கற்றாள்? என்னிடம் கற்கவில்லை, அதுமட்டும் தெரியும்.

ஆக, ஐந்து இருபதுக்குத் திறந்து பார்க்கிறேன், கறுப்பு. தள்ளினால் கறுப்பு. மேலும் தள்ளினால், விரல் வலிக்கத் தள்ளினால், கறுப்பு, கறுப்பு, கறுப்பு, ஓர் எழுத்தில்லாத சதுரங்கள், அடுக்கிவைத்த அடுப்புக்கரி போல, ஒன்றன்கீழ் ஒன்றாக. இன்று செவ்வாய்க்கிழமை எல்லாரும் வாய்மூடி ஒரு கறுப்புச் சதுரம் இடவேண்டும், துக்கத்துக்கும் ஒற்றுமைக்கும் அடையாளமாக, என்று நாடெங்கும் யாரோ சொல்ல யாரோ கேட்டு, நேற்றிரவு அது என்னிடமும் வந்தது. நல்ல செய்கைதானே? முழங்காலை அறுத்துத் தைத்துப் பத்து வாரம் ஆகிறது, நடக்க முடியாதவன் வேறென்ன செய்வான்? நான் ஒருவன் இட்டதோடு நின்றிருந்தால் போதும், ஆனால் நான் நிற்கிறவனா? சபையில் டீக்கன், அதாவது உதவி ஊழியன், என்ற முறையில் அழைப்புச் சங்கிலி என் பொறுப்பு, இருபது ஆண்டுக்குமுன் நான் கட்டியது, நான் ஐவரை அழைப்பேன், அந்த ஐவரும் ஆளுக்கு ஐவரை, அவர்களும் ஆளுக்கு ஐவரை, மொத்தம் நூற்றைம்பத்தைந்து வீடு, அடக்க ஆராதனை, பனிப்பொழிவு, விருந்து ரத்து, எதுவானாலும் ஒரு நாளைக்குள் எல்லாக் காதுக்கும் போய்விடும். ஈஸ்டருக்கு கொரோனாவால் ஆலயம் பூட்டிக்கிடந்ததால், ஆராதனை பார்க்க எல்லார் கைபேசியிலும் இன்ஸ்டாகிராமை ஏற்றிக்கொடுக்கவும் செய்தோம். காலை பத்துக்கு நான் முதல் ஐவரை அழைத்தேன். சதுரம் இடுங்கள் என்றேன், அத்துடன் விட்டேனா, தலைப்பில்லாத விடைத்தாளை நான் வாங்குவதில்லை என்பது ஊருக்கே தெரியும், நம் ஊர்ச் சொல்லை, தென்கரை நடக்கிறது என்பதை, எழுத்துப் பிழையின்றிக் கட்டாயம் சேருங்கள் என்றேன், அடுத்த ஐவரிடமும் அதையே வற்புறுத்துங்கள் என்றேன். எர்னஸ்டீன் ஒரு பையில் தண்ணீர்ப் புட்டிகளையும் துணிக்கட்டுகளையும் அடுக்கியபடி என் தோளுக்குமேல் எட்டிப்பார்த்தாள். "நீ கறுப்புன்னு காட்ட உனக்குச் சதுரம் வேற வேணுமா விட்லோ? கண்ணாடியப் பாரு, போதும்." சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் சிரிக்கவில்லை, எனக்குச் சுருக்கென்றது. அவள் போகிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் சுருக்கென்றதா?

இவை யாருடைய சதுரங்கள் என்று பார்க்கவேண்டாமா, எவரோ வெளியூர் விஷமிகளின் வேலையாயிருக்கும், கூலிக்கு வேலைசெய்யும் கணக்குகள் உண்டென்று படித்திருக்கிறேனே... கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெயர்களைப் படிக்கிறேன். சிஸ்டர் ஒடெஸா டப்ஸ். பிரதர் கிளீவ்லன் மேப். கல்லறைக் குழுத் தலைவர் ஹோரஸ் டில்லார்ட். ஹோரஸின் சகோதரி. ஹோரஸின் சகோதரியின் ஐவர், நான் எழுதித்தந்த அதே வரிசையில், ஒருவர் பின் ஒருவர், பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துவரை, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள். எல்லாவற்றின் கீழும் தென்கரை நடக்கிறது, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. டீக்கன் ராலின்ஸ் ஏழு முறை இட்டிருக்கிறார், போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி மறுபடி அழுத்தியிருப்பார், பாவம், அவர் கைநடுக்கம். சபையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைக் கண்டு அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். இதோ, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னொன்று வந்து உட்காருகிறது. இருபது ஆண்டாக என் சங்கிலி ஒருமுறைகூட அறுந்ததில்லை. மூன்றரைக்கு அவள் சொன்னது இதைத்தான். அப்போதே நிறுத்தியிருந்தால்... பதினோரு வரி. ஐம்பது நிமிடம். வணக்கம் இல்லாத குறைக்காக.

முதலில் என் சதுரத்தை நீக்கினேன், பின் ஒடெஸாவை அழைத்தேன். எடுத்தவுடன், டீக்கன், போட்டாச்சு, பார்த்தீர்களா, என் ஐந்து பேரும் போட்டாயிற்று, மேவிஸ் மட்டும் கண் ஆபரேஷன் என்று சாக்குச் சொன்னாள், விடுவேனா என்று பெருமையாக ஆரம்பித்தாள். நீக்கிவிடு என்றேன். "ஏன் டீக்கன், எனக்கு மார்க் கொறஞ்சு போச்சா? நீங்கதானே தலைப்போட போடு, தலைப்பில்லாமப் போட்டா செல்லாதுன்னீங்க." தவறு உன்னுடையதன்று, என்னுடையது என்றேன். அந்த வாக்கியத்தை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று ஒடெஸாவும் யோசித்திருக்கவேண்டும். எர்னஸ்டீன் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை, தெரியப்படுத்தும் செய்தி நம் சதுரங்களுக்குக் கீழே கிடக்கிறது, ஏழுக்கு ஊரடங்கு, என்று சொன்னேன். "வைங்க போனை" என்றாள் ஒடெஸா. "எங்க வீட்டுப் புள்ளைங்க நாலையும் உலகத்துக்குக் கொண்டுவந்தவ அவ. இப்பப் பாருங்க." ஹோரஸை அழைத்தேன், கிளீவ்லன்னை அழைத்தேன், மீதி இருவரையும் அழைத்தேன், டீக்கன் ராலின்ஸ் ஒவ்வொன்றாக நீக்கும் விதத்தை மூன்றுமுறை கேட்டார், படத்தைத் தொடு, மூன்று புள்ளி தெரியும், அதைத் தொடு என்றேன், எந்த மூன்று புள்ளி, என் கண்ணுக்கு எல்லாமே புள்ளிதான் லூசியஸ் என்றார், பக்கத்தில் அவர் மருமகள் கைபேசியை வாங்கிக்கொண்டாள். காலையில் நாலு மணிநேரம் பிடித்த சங்கிலி மாலையில் நாற்பது நிமிடத்தில் திரும்பி ஓடியது. கிண்டல் செய்தார்கள், முணுமுணுத்தார்கள், ஒருத்தி துதிப்பாட்டின் நடுவில் எடுத்து அதே ராகத்தில் சரி என்றாள், ஆனால் ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்கியவர் ஒருவருமில்லை. இவர்களையா நான் பேச்சுத் திருத்தமில்லாதவர்கள் என்று எண்ணி இருபது ஆண்டு அறிவிப்பு வாசித்தேன்?

திரையைக் கீழே இழுத்து விடுகிறேன், இழுத்து விடுகிறேன். இரண்டு சதுரம் குறைந்தது. எட்டு. ஒரு வரிசை முழுதும் போனது. சுவரிலிருந்து செங்கல்லை உருவியதுபோல் இடையிடையே வெளிச்சம், எழுத்து, முகம், ஒரு வெறுங்கால், கண்ணீர்ப்புகை போகப் பால் ஊற்றிக் கழுவும் கண்கள், பார்த்தது, பார்த்தது, கேட்டது... ஆறு மணி பன்னிரண்டுக்கு ஹோரஸின் சகோதரியின் சதுரம் இருந்த இடத்தில் இது வந்தது, எனக்கு அறிமுகமில்லாத யாரோ ஒருவரின் கணக்கு. "3.52. பார்த்தது. மில் தெரு பழைய ஸ்கேட்டிங் ஹால் பின்வாசல். டயர் கடைக்கு யாரும் போகாதீங்க. எர்னஸ்டீன்னு ஒரு நர்ஸ் அம்மா எழுதச் சொல்றாங்க, விட்லோ வண்டிய இங்க கொண்டா, முன்பக்கம் வராதே, போலீஸ் நிக்குது. இன்னைக்கு ஒரு நாளாச்சும் எழுதியிருக்கிறத அப்படியே படி, திருத்தாதே." திருத்தவில்லை எர்னஸ்டீன். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கண்ணாடி மறுபடி மங்குகிறது, இம்முறை முகக்கவசத்தால் இல்லை. அதற்குச் சற்று மேலே நான்கு ஐம்பதில் இன்னொன்று: "நர்ஸ் அம்மா இன்னும் இங்கதான். வண்டி வரல. நடக்க முடிஞ்சவங்களை அனுப்பிட்டாங்க. கால் சுளுக்கின ஒருத்தரோட இருக்காங்க, நகரமாட்டேங்கறாங்க." நான்கு ஐம்பதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? என் கடிதத்தை ஓர் அந்நியர் படித்துவிட்டாரே என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப்பின் அவளைப்பற்றி ஒன்றுமில்லை. ஆறு பதினாறு. மில் தெருவுக்குச் சுற்றுவழியில் பதினைந்து நிமிடம், தடுப்பு இருந்தால் இருபத்தைந்து.

சாவியைத் திருகிவிட்டேன், இன்ஜின் ஓடுகிறது, கைபேசியை இருக்கையில் போடும்போது விரல் பட்டு வரிசை தானாக ஓடி இரண்டு மணிப் பக்கத்தில் நின்றது, டீக்கன் ராலின்ஸின் ஏழும் அடைத்துக்கொண்டிருந்த இடம். "2.15. எங்கப்பாவ யாராச்சும் பாத்தீங்களா? பேரு எமெட். எழுபத்தொண்ணு. சாம்பல் கலர் தொப்பி, ஞாபகம் கொஞ்சம் தப்பும், ஊர்வலத்துல கைய விட்டுட்டாரு." மூன்று மணிக்கு மறுபடி அதே கேள்வி. நான்குக்கு மறுபடி. ஐந்தரைக்கு, "தயவுசெஞ்சு" என்று மட்டும். ஒருவரும் பதில் எழுதவில்லை, யாருக்குத் தெரிந்திருக்கும்... எனக்குத் தெரியும். சாம்பல் நிறத் தொப்பி. நான் நான்கேகாலுக்கு வண்டியை இங்கே நிறுத்தியபோது எதிர்ப்புற நடைபாதையின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், கையைத் தூக்கிக் காட்டினார், நானும் காட்டினேன், பேருந்துக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன், இன்று பேருந்து இல்லை என்பது எனக்குத் தெரிந்தும் அப்படி நினைத்தேன், பின் குனிந்து என் ஏழாவது வரியைத் திருத்தப் போனேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை. எத்திசையில் போனார்? தடுப்பின் பக்கமா, ஆற்றின் பக்கமா? நான் அவரைப் பார்த்தேனா, அல்லது பார்வையில் பட்டார் என்பதுமட்டுமா? ஜெரிகாவின் சட்டப்படி அதை என்னவென்று எழுதுவது?

பார்த்தது என்றே எழுதினேன். நேரம், தெரு, தெருவின் கிழக்குப் பக்கம், சாம்பல் தொப்பி, கையசைத்தார், போன திசை தெரியாது, லூசியஸ் விட்லோ. என் வாழ்நாளில் நான் அந்தச் சொல்லின் கீழ் எழுதிய முதல் செய்தி, மூன்று வரி, அனுப்பிவிட்டுத்தான் கவனித்தேன், அதில் ஒரு நிறுத்தக்குறியும் இல்லை. ஆறு இருபது. எர்னஸ்டீனிடம் போகிறேன், அவள் அங்கே இருக்கிறாளா என்பது போனால்தான் தெரியும், வழியெல்லாம் சாம்பல் தொப்பியையும் தேடிக்கொண்டே போவேன். ஆனால் என் சபையார் அத்தனைபேரும் நீக்கியபிறகும் இதில் இன்னும் நாற்பது, ஐம்பது சதுரங்கள் நிற்கின்றன, அவை என் சங்கிலியில் இல்லாதவை, அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியா, அவர்களுக்கு என்னால் தொலைபேச முடியாது. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன், ஆம், உங்களிடம்தான், நல்லெண்ணத்தோடு ஒன்றை இட்டுவிட்டு அமைதியாக இருக்கும் உங்களிடம்: அதை இப்போதே நீக்குங்கள். நீக்கியதும் கைபேசியை மூடிவிடாதீர்கள், அது இருந்த இடத்துக்குக் கீழே யார், எத்தனை மணியிலிருந்து, யாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று முழுவதும் படியுங்கள். இன்று மாலை நான்கேகாலுக்குப்பின் ஃபுல்டன் தெருவிலிருந்து எமெட் என்ற முதியவர் எந்தப் பக்கம் நடந்தார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், எழுதுங்கள்.